தாய்க்கப்பலுக்கு ஒரு தளம்

கட்டில் என்ற சொல் காதில் விழுந்ததும் தராசுக்குக் காபி புரையேறியது.

"என்னது, கட்டிலா?"

"ஆமாங்க. சின்ன ரூமை ஒழிச்சு ஒரு கட்டில் போட்டுடலாம்னு பாக்கறேன். அம்மா வீட்டுக் கூரை ஒழுகுதாம். வேலை முடியற வரைக்கும் இங்க வந்து இருக்கட்டுமே."

"முடியற வரைக்கும்னா, எது வரைக்கும்?"

"முடியற வரைக்கும்."

இதற்கு மேல் விளக்கம் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மனைவி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். தராசு ஆறிப்போன காபியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தராசு என்பது அவர் பெயரல்ல, பட்டம். கடை கடையாகப் போய் எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். ஒரு பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவார். எத்தனையோ கடைக்காரர்களின் கோணல் தராசுகளை நிமிர்த்திய மனிதர். வீட்டுத் தராசு மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அந்தத் தட்டில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

மனைவி ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டின் தலைமை நர்ஸ். குடியிருப்பு முழுவதற்கும் அவர் 'சிஸ்டர்'. கால் முறிந்து அந்த வார்டில் படுத்திருந்த காலத்தில் தராசும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார். கட்டுப் பிரித்த கையோடு காதலைச் சொல்லி, கல்யாணமும் முடிந்து, முதல் விருந்தில் சொந்தக்காரர்கள் சூழ உட்கார்ந்திருக்கும்போது, பழக்கதோஷத்தில் "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி" என்று கேட்டுவிட்டார். அன்று நின்ற பேச்சு மறுபடி ஆரம்பிக்க ஒரு வாரம் பிடித்தது. அதிலிருந்து வீட்டில் வார்த்தையை அளந்துதான் விடுவார். அளப்பதுதானே அவர் தொழில்!

மனைவியைக்கூடச் சமாளித்துவிடலாம். மாமியார்தான் பெரும்பாடு. அவர் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான், குரல் அல்ல. போன தடவை வந்திருந்தபோது தினமும் காலையில் ஹாலின் நடுவில் நின்று, "கனிவான கவனத்திற்கு. குளியலறைக்குள் சென்ற மாப்பிள்ளை அரைமணி நேரம் தாமதமாக வெளிவருவார். அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்பார். மணி போன்ற குரல். அது ஜன்னல் வழியே இறங்கித் தெருமுனை வரைக்கும் போகும். தராசு ஆபீசுக்குக் கிளம்பிப் படியிறங்கினால் கீழ்வீட்டுக்காரர், "என்ன சார், இன்னிக்கும் லேட்டாமே?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

அந்தக் குரல் மறுபடி வரப்போகிறது. அதுவும் அந்தச் சின்ன அறைக்கு!

சின்ன அறைமேல் தராசுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். காரணம், அவருடைய விண்கலங்கள். படங்களிலும் தொடர்களிலும் பறந்த போர்க்கலம், சரக்குக்கலம், உளவுக்கலம், வேற்றுக்கிரகத்து மூன்றுகால் எந்திரம் என்று, நூற்றில் ஒரு பங்கும் ஆயிரத்தில் ஒரு பங்குமாகச் சுருக்கிய மாதிரிகள். பிளாஸ்டிக் துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி, ராவி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, எரிகல் உரசிப்போன கறுப்பைக்கூடத் தூரிகை நுனியால் இறக்கையில் தொட்டு வைத்து அவர் உண்டாக்கிய சேனை. ஒளியைவிட வேகமாகப் போகக்கூடிய கலங்கள் எல்லாம் அட்டைப்பெட்டிகளுக்குள், பீரோவின் தலையிலும் கட்டிலின் காலடியிலும் வருஷக்கணக்காக அசையாமல் கிடந்தன. ஹாலில் ஒன்றே ஒன்று வைக்கட்டுமா என்று ஒருதரம் கேட்டுப் பார்த்தார். "ஹால்ல மனுஷங்க உக்காரணும்" என்று பதில் வந்தது.

அன்று மாலை எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தார். டாக்டருக்கும் இதே பைத்தியம். ஊரில் இருக்கும் மாதிரி விண்கலச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

"டாக்டர், ஒரு ரூம்ல கட்டில் போடணும்னா என்ன வேணும்?"

"கட்டில் வேணும்."

"அதுக்கு முன்னாடி?"

"கல்யாணம் ஆகணுமா?"

"இடம் வேணும் டாக்டர், இடம்! அந்த இடமே இல்லாமப் பண்ணிட்டா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புரியற மாதிரி சொல்லுங்க."

"சின்ன ரூம் முழுக்க ஸ்டாண்டு கட்டப்போறேன். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு ஸ்டாண்டு. சுவர்ல, மூலையில, தரையில. எல்லாத்தையும் திருகாணி போட்டு முடுக்கிடுவேன். கட்டில் என்ன, ஒரு தலகாணிகூட உள்ள போகாது. எங்க மாமியார் வேற ரயில்தான் பிடிக்கணும்."

"வீட்டுல ஒத்துக்குவாங்களா?"

"சண்டை வரும். இந்தத் தடவை நான் ஒரு முடிவோட இருக்கேன். ஸ்டாண்டு விஷயத்துல என் ஸ்டாண்டு மாறாது."

டாக்டர் எழுந்து வந்து கைகுலுக்கினார். பழைய பல் துளைக்கும் கருவி ஒன்றையும் அன்பளிப்பாகக் கொடுத்தார். பித்தளையில் ஓட்டை போட உதவும் என்றார்.

சண்டைக்குத் தயாராக, பேசவேண்டிய வசனங்களையெல்லாம் படிக்கட்டிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு தராசு வீட்டுக்குள் போனார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் சின்ன ரூம்ல கப்பலுக்கெல்லாம் ஸ்டாண்டு பண்ணப்போறேன்!"

"பண்ணுங்களேன்" என்றார் சிஸ்டர்.

ஒத்திகை பார்த்த வசனங்கள் அத்தனையும் வீணாயின. "இல்ல... ரூம் முழுக்க."

"முழுக்கத்தான் பண்ணுங்க. பாவம், எத்தனை வருஷமா பெட்டியிலேயே கிடக்குதுங்க. அம்மா விஷயத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

தராசு ஒருமுறை தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.

வேலை ஆரம்பமாயிற்று. முதல் ஸ்டாண்டு கூர்மூக்குப் போர்க்கலத்துக்கு. கலத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, எந்த இடத்தில் கட்டினால் மூக்கும் வாலும் சமமாக நிற்கிறது என்று பார்த்தார். அந்த இடத்தில் வயிற்றில் பொடி ஓட்டை. அதில் ஈர்க்குச்சி கனத்தில் ஒரு பித்தளைக் கம்பி. கம்பி வளைந்து இறங்குகிற இடத்தில், தேக்குக் கட்டையின்மேல் சாந்து பூசிப் பள்ளம் பள்ளமாகக் குடைந்த நிலாத்தரை. எல்லாம் காய்ந்த பிறகு பார்த்தால், கலம் நிலாவை உதைத்துக்கொண்டு அப்போதுதான் மேலே கிளம்பியதுபோல அந்தரத்தில் நின்றது. கம்பி கண்ணுக்கே தெரியவில்லை.

சிஸ்டர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரலால் மெதுவாகத் தட்டினார். கலம் ஆடியது, நிதானித்தது, மறுபடி அசையாமல் நின்றது.

"விழலையே!"

"விழாது. எடை எங்க இருக்குன்னு தெரிஞ்சுட்டா எதையும் நிக்க வைக்கலாம்."

"நிஜமாவே உங்க கையில ஏதோ இருக்குங்க" என்றார் சிஸ்டர்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் கேட்காத வார்த்தை. அன்றிலிருந்து தராசு ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சரக்குக்கலத்துக்குக் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் தண்டு. உளவுக்கலம் சுவரிலிருந்து பாதி வெளியே வந்து எட்டிப் பார்த்தது. மூன்றுகால் எந்திரத்துக்கு இடிந்த நகரம் ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் சோளப்பொரி அளவு விளக்கு. மூன்று சுவர்களும் நிறைந்துவிட்டன. தரை மட்டும் மீதி இருந்தது. அளந்து பார்த்தார். ஒரு கட்டில் தாராளமாகப் போகும்! தராசுக்கு வியர்த்தது.

தரையை அடைக்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு. தாய்க்கப்பல். நாலடி நீளம், நூற்றுக்கணக்கான ஜன்னல். அவருடைய சேனையிலேயே பெரியது. அதற்கு ஒரு மாபெரும் தளம் கட்டுவதாக அறிவித்து, சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தார். சிஸ்டர் வெங்காயத்தை நறுக்கியபடியே எட்டிப் பார்த்தார்.

"நாலடிக் கப்பலுக்கு நாலடித் தளமா?"

"ஏன், போதாதா?"

"எனக்கென்ன தெரியும்? தாய்க்கப்பல்னா குட்டிக் கப்பலெல்லாம் பக்கத்துல வந்து இறங்காதா? அதுங்களுக்கு இடம் வேணாமா?"

தராசுக்குப் புல்லரித்துவிட்டது. இந்தப் பெண்மணிக்குள் இத்தனை நாள் ஒரு விண்வெளிப் பொறியாளர் ஒளிந்திருந்திருக்கிறாரே! நீளத்தை ஆறரை அடியாக்கினார். அகலத்தை மூன்றடியாக்கினார்.

"உயரம் என்ன போட்டிருக்கீங்க? மார்பு வரைக்குமா? கடைக் கல்லா மாதிரி இருக்குமே. மேலேருந்து பாத்தாத்தானே கப்பலோட முதுகெல்லாம் தெரியும். முட்டி உயரம் போதும்."

"அதுவும் சரிதான்."

"பலகை தாங்குமா?"

"கப்பல் ரெண்டு கிலோகூட இல்லையே!"

"அதுக்கில்லங்க. நாளைக்கு யாராவது வந்து கைய ஊணி, தராசு கட்டின தளமே ஆடுதுன்னு சொல்லிட்டா?"

சுருக்கென்று தைத்தது. ஊரில் ஒரு தராசு ஆடினாலே சீல் வைத்துவிட்டு வருகிறவர். அவர் தளம் ஆடுவதா? கடையில் இருந்ததிலேயே கனமான மரமாக வாங்கி வந்தார். குறுக்குச் சட்டம், அதற்குக் குறுக்கே இன்னொரு சட்டம். முடித்த பிறகு பல் டாக்டரைக் கூப்பிட்டுத் தளத்தின்மேல் ஏற்றி, தானும் ஏறி, இருவரும் கைகோத்துக்கொண்டு குதித்துப் பார்த்தார்கள். கீழ்வீட்டுக்காரர்தான் மேலே ஓடி வந்தார். தளம் முனகக்கூட இல்லை.

சிஸ்டரின் யோசனைகள் வளர்ந்துகொண்டே போயின. விளிம்பு கூராக இருந்தால் காலில் படும் என்றார். தராசு நாலு பக்கமும் இழைத்து உருட்டினார். உதிரி பாகம் வைக்க இழுப்பறை வேண்டாமா என்றார். அடியில் இரண்டு பெரிய இழுப்பறை வந்தது. தலைமாட்டில் அண்டவெளி வரைந்த பின்பலகை ஒன்று நிறுத்தினார்கள். அது நேராக நின்றால் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, கொஞ்சம் சாய்வாக இருக்கட்டும் என்றார். சாய்த்தார். பக்கத்தில் வளையம் சூழ்ந்த கிரகம் ஒன்றுக்குச் சின்ன ஸ்டாண்டு. "நடுவுல இவ்வளவு பெரிய குழி எதுக்கு?" என்று தராசே கேட்டார். "எரிமலை வாய்" என்றார் சிஸ்டர், ஒரு டம்ளரை வைத்து அளவு பார்த்தபடி.

"ராக்கெட் கிளம்பற இடத்துல ஒரு கோபுரம் நிக்குமே, இரும்புல?"

"ஆமா, ஏவுகோபுரம்."

"அது இல்லாம என்ன தளம்? நல்லா உறுதியா நடுங்க. புடிச்சு இழுத்தாலும் வரக் கூடாது."

நட்டார். பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"ஏவுதளத்துலேருந்து கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு தொடர்பு இருக்கணுமே?"

"கட்டுப்பாட்டு அறைக்கு நான் எங்க போவேன்?"

"சமையலறை இருக்கே. இங்க ஒரு பித்தானை அமுக்கினா அங்க மணி அடிக்கட்டும்."

தராசு மகிழ்ந்துபோய் ஒயர் இழுத்தார். மனைவியோடு சேர்ந்து ஒரு காரியம் செய்வதில் இத்தனை இன்பம் இருக்குமென்று யாருமே அவருக்குச் சொன்னதில்லை.

வேலை முடியும் தறுவாயில் டாக்டர் வந்து பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"சார், இதை நான் எங்கயோ பாத்திருக்கேன்."

"எந்தப் படத்துல?"

"படத்துல இல்ல. சிஸ்டர் வேலை செய்யற எடத்துல பாத்த மாதிரி..."

"ஆஸ்பத்திரில ஏது டாக்டர் ஏவுதளம்? நீங்க பல்லை மட்டும் பாருங்க."

டாக்டர் பல்லை மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. தராசு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு விளக்குகளை ஏற்றினார். அறை மினுமினுத்தது. சுவர்களிலிருந்து கலங்கள் சீறிப் பாய்ந்தன. நடுவில் தளம் சுவருக்குச் சுவர் நீண்டு கிடந்தது. ஓரமாக ஒரு ஆள் நடக்கத்தான் வழி. தாய்க்கப்பல் கடைசிப் பெயிண்ட் காய்வதற்காக ஹால் மேஜையில் காத்திருந்தது.

வெற்றி கையில் இருக்கும்போது அதை அனுபவிக்காமல் விடுகிற மனிதர் யார்? தராசு தொண்டையைக் கனைத்தார்.

"அடடா! ஒரு விஷயத்தை யோசிக்காம விட்டுட்டோமே. இனிமே இங்க எப்படிக் கட்டில் போடறது? பாவம், உங்கம்மா!"

"ஆமாங்க" என்றார் சிஸ்டர் வருத்தமாக. "கட்டில் போட முடியாதுதான்."

தராசு மனதுக்குள் ஒரு முழு வட்டம் பறந்து வந்து இறங்கினார். அவர் இறங்கவும் படிக்கட்டிலிருந்து அந்தக் குரல் ஏறி வரவும் சரியாக இருந்தது.

"கனிவான கவனத்திற்கு. மகள் வீட்டுக்கு வரவேண்டிய அம்மா, இன்னும் சில நொடிகளில் வாசலை வந்தடைவார்."

வந்தடைந்தார். பின்னாலேயே இரண்டு ஆட்கள் ஒரு மெத்தையைத் தலையில் சுமந்து வந்தார்கள். சிஸ்டர் கையைக் காட்ட, நேரே சின்ன அறைக்குள் போய்த் தளத்தின்மேல் மெத்தையை இறக்கினார்கள். பொத்தென்று விழுந்தது. ஒரு விரல்கடைகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தராசு குனிந்து மெத்தையின் நாலு மூலையையும் பார்த்தார்.

மாமியார் முட்டி உயரத்தில் சொகுசாக உட்கார்ந்தார். சாய்ந்த பின்பலகையில் சாய்ந்தார். தண்ணீர் டம்ளரை எரிமலை வாயில் வைத்தார். துணிமணிகள் இழுப்பறைக்குள் போயின. ஏவுகோபுரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்த்தார். மறுபடி உட்கார்ந்து பித்தானை அமுக்கினார். சமையலறையில் மணி அடித்தது.

"முட்டிவலிக்காரங்களுக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு மாப்பிள்ளை! இவ்வளவு அக்கறையா யாரு செய்வாங்க?"

தராசு மனைவியைப் பார்த்தார். "இது... தாய்க்கப்பலுக்குக் கட்டின தளம்..."

"தெரியுமே" என்றார் சிஸ்டர். "தாய் வந்தாச்சு. கப்பல் மெதுவா வரட்டும்."

"மெத்தைக்கு அளவு?"

"நீங்கதான் சுவத்துல பென்சிலால எழுதி வெச்சிருந்தீங்களே. அழகான கையெழுத்து."

தாய்க்கப்பலைக் கூரையில் கொக்கி மாட்டித் தொங்கவிட வேண்டியதாயிற்று. அதன் பிறகு தராசு அந்த அறைப் பக்கமே போகவில்லை. குளியலறைக்குப் போகும்போதும் வரும்போதும் மட்டும் ஊருக்கு அறிவிப்புப் போனது. கீழ்வீட்டுக்காரர் பழையபடி விசாரிக்க ஆரம்பித்தார்.

ஒரு சாயங்காலம் மணி அடித்தது. சிஸ்டர் கை மாவாக இருந்ததால் தராசையே போகச் சொன்னார். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். உள்ளே விளக்குகள் எரிந்தன. மாமியார் மல்லாந்து படுத்து, கலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, அந்த மஞ்சள் வண்டி எங்கிருந்து எங்க போகுது?"

தராசு வாசலிலேயே நின்றுவிட்டார். எத்தனையோ பேர் அவர் கலங்களைப் பார்த்திருக்கிறார்கள். விலை என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கே போகிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

"அது... வியாழன்லேருந்து சனிக்குப் போற சரக்குக்கலம் அத்தை."

"நேரா போகுதா, நடுவுல எங்கயாவது நிக்குதா?"

"ஒரு விண்கல் சுரங்கத்துல நிக்கும்."

"அப்போ எதிர்ல வர்ற அந்தக் கறுப்பு வண்டி?"

"அது உளவுக்கலம்."

"எதுவா இருந்தாலும் சரி, ரெண்டும் ஒரே தடத்துல எதிரெதிரா வருது. மோதப் போகுது. இப்படியா வண்டி விடுவாங்க?"

தராசு படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, அவர் கண் மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்தார். உண்மைதான்! ஒவ்வொரு ஸ்டாண்டையும் தனித்தனியாக அழகு பார்த்தாரே தவிர, மொத்தமாகப் பார்த்தால் விண்வெளியில் பெரிய போக்குவரத்து நெரிசல். உடனே கம்பியை வளைக்கும் குறடை எடுத்து வந்தார். மாமியார் படுத்தபடியே கைகாட்டினார். "கொஞ்சம் மேல... இடது பக்கம்... அந்தச் சின்னதை நிறுத்தி வைங்க, பெரியது போகட்டும்." வேலை முடிந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து, தன்னையறியாமல் அந்தக் குரலில் சொன்னார்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வியாழனிலிருந்து வந்து, விண்கல் சுரங்கம் வழியாகச் சனி கிரகம் வரை செல்லும் சரக்குக்கலம், மூன்றாவது நடைமேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

தராசுக்கு உடம்பு சிலிர்த்தது. மஞ்சள் கலம் கிளம்பியேவிட்டதுபோல இருந்தது. எதிர்வீட்டிலிருந்து டாக்டர், பாதி முகம் சவரம் செய்த கோலத்தில் ஓடி வந்தார். "யாரு சார் பேசினது? இன்னொரு தரம் பேசச் சொல்லுங்க!"

சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லா வருஷமும் முதல் பரிசு கண்ணாடிக் கடைக்காரருக்குத்தான். கடையிலிருந்து கண்ணாடிப் பேழைகளைக் கொண்டுவந்து, அடியிலும் கண்ணாடி, முதுகிலும் கண்ணாடி வைத்து ஒரு கலத்தை நூறாகக் காட்டிவிடுவார். தராசின் கலங்கள் இதுவரை அட்டைப்பெட்டியில் போய் அட்டைப்பெட்டியில் திரும்பியவை.

இந்த வருஷம் அவர் ஸ்டாண்டுகள் அத்தனையையும் கழற்றினார். தளத்தையும் கழற்றி வண்டியில் ஏற்றினார். மாமியார் மறுபேச்சில்லாமல் மெத்தையைத் தரையில் போட்டுக்கொண்டார். கண்காட்சி மண்டபத்தில் தளம் விண்வெளி நிலையமாக நிமிர்ந்து நின்றது. தாய்க்கப்பல் முதல்முறையாகத் தன் சொந்தத் தளத்தில் வந்து இறங்கியது. சுற்றிலும் ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு நடைமேடை எண். தடத்துக்குத் தடம் மோதாமல் கலங்கள். பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு, கையில் மைக்கோடு மாமியார்.

முதல் அறிவிப்பு ஒலித்ததும் மண்டபம் அமைதியானது. இரண்டாவது அறிவிப்பில் கூட்டம் கண்ணாடிப் பேழைகளை விட்டு இந்தப் பக்கம் நகர்ந்தது. "ஐந்தாவது நடைமேடையில் நிற்கும் செவ்வாய்க் கலம் புறப்படத் தயாராக உள்ளது" என்றதும் ஒரு பெரியவர் பதறிப்போய்க் கீழே வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டார். "தாய்க்கப்பல் நாற்பது ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்துள்ளது. அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்றபோது எழுந்த கைதட்டலில் நடுவர்கள் தங்கள் பேனாவைத் தவறவிட்டார்கள். ஒருவர் குனிந்து, கூர்மூக்குக் கலத்தைத் தாங்கும் கம்பி எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "காத்துலதான் நிக்குதா?" என்று கேட்டார்.

கோப்பை தராசுக்கு. கண்ணாடிக் கடைக்காரர் தன் பேழையில் நூறாகத் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து நூறு தடவை வருந்தினார். டாக்டர் மேடையிலேயே இன்னொரு சேதியும் சொன்னார்: தலைநகரில் நடக்கப்போகும் பெரிய கண்காட்சிக்குத் தராசின் விண்வெளி நிலையம் தேர்வாகியிருக்கிறது. தராசு கோப்பையை ஒரு கையிலும் மாமியாரை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வீட்டுப் படியேறினார். கோப்பை ஹால் நடுவில் வைக்கப்பட்டது. சிஸ்டரே வைத்தார்.

அடுத்த வாரம் தராசு ஆபீசிலிருந்து வந்தபோது, சின்ன அறையில் மாமியார் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பெட்டி திறந்திருந்தது. தராசு சமையலறைக்கு ஓடினார்.

"அத்தை ஏன் துணி மடிக்கிறாங்க?"

"கூரை வேலை முடிஞ்சதாம். கிளம்பவேண்டியதுதானே."

"கிளம்பறதா? தலைநகர்க் கண்காட்சி என்னாகறது? யார் அறிவிப்பு சொல்றது?"

"அதுக்காக? அவங்களுக்கும் அவங்க வீடுன்னு ஒண்ணு இருக்கில்ல? உங்களுக்கும் அந்த ரூம் வேணும். ஆசை ஆசையா தளம் கட்டினீங்க."

"அத்தை இல்லாத தளம் எதுக்கு? வெறும் கட்டை அது!"

"வேண்டாங்க. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. மாமியார் மாப்பிள்ளை வீட்டுல வந்து டேரா போட்டுட்டாங்கம்பாங்க."

"எவன் சொல்லுவான்? வரச்சொல்லு பாக்கலாம்!" தராசின் குரல் உயர்ந்தது. அவருக்கே அது யார் குரலோ என்று தோன்றியது. மேஜையை ஓங்கித் தட்டினார். உப்பு டப்பா துள்ளியது. "இது என் வீடு. இங்க நான் சொல்றதுதான் முடிவு. அத்தை எங்கயும் போகக் கூடாது. இந்த மாசம் இல்ல, அடுத்த மாசம் இல்ல, எப்பவும் இங்கதான் இருக்கணும். இதுல நீ குறுக்க பேசாத!"

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரிங்க" என்றார் தணிந்த குரலில். "நீங்க இவ்வளவு பிடிவாதமா இருக்கும்போது நான் என்ன சொல்றது? ஆனா நான் போய்க் கேக்கமாட்டேன். நீங்களே கேளுங்க."

வென்றுவிட்டார்! கல்யாணமான நாளிலிருந்து சாய்ந்தே கிடந்த தட்டு இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது. தராசு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணாடியில் ஒருதரம் முகத்தைப் பார்த்தார். அதில் தெரிந்த ஆண்மகனை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சின்ன அறைக்குள் நுழைந்தார்.

"அத்தை, பெட்டியை மூடுங்க. நீங்க இனிமே இங்கதான். இவ ஒத்துக்கல. நான் ஒத்துக்க வெச்சுட்டேன். எப்பவும் எங்களோடவே இருக்கணும்னு நானே கேக்கறேன்."

மாமியார் மடித்த துணியை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, அவரைக் கனிவோடு ஏறிட்டுப் பார்த்தார்.

"என் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் குடிவந்து மாசம் ஒண்ணாச்சே மாப்பிள்ளை! நீங்களா வந்து கேக்கற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு அவதான் சொல்லி வெச்சிருந்தா."